குக்கர் கட்டியும் லேத் பாஸின் மறுப்பும்

உங்கள் குசினியில் இருக்கும் பிரஷர் குக்கரின் மூடிக்கு மேலே ஒரு சிறிய கட்டி இருக்கிறதே, அதைக் கையில் எடுத்து எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? "விசில்" என்றும் "வெயிட்" என்றும் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கழுவி வைக்கும்போது உருண்டு போகும். பிள்ளைகள் பம்பரம் போலச் சுழற்றி விளையாடுவார்கள். ஒரு நாள் காணாமலும் போகும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.

ஒரு நோன்பு நாளில், ளுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி மூடியைக் கையில் தந்தார். "சின்னவன் கட்டியத் துலைச்சுப் போட்டான். இறைச்சி அவியப் போடணும். சந்தியில இருக்கிற லேத் பட்டறையில ஒண்டு கடைஞ்சி எடுத்து வாங்களே" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பஸ் வண்டியின் அச்சாணியையே கடைந்து தருகிற மனிதருக்கு இந்தச் சின்னக் கட்டி ஒரு வேலையா?

பட்டறைப் பாஸ் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீராவி வரும் குழாயின் துளையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பழைய கட்டி இரிக்கா மௌலவி?"

"இல்லை, தொலைந்து போய்விட்டது."

"அது எத்தின கிராம் எண்டு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏலாது மௌலவி. கடையிறது பத்து நிமிச வேலதான். ஆனா அத மூடில வெச்சதுக்குப் பொறகு நடக்கிறதுக்கெல்லாம் நான் பொறுப்பு. கொம்பனிக் கட்டிய வாங்கிப் போடுங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது. நோன்பு நேரத்தில் வெயிலில் நடந்து போனவனை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பிவிட்டாரே என்று நினைத்தேன். ஆனால் அன்றிரவு என் மகளுடைய கணிதக் கொப்பியில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், அந்த மனிதர் என் வீட்டாருக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறார் என்பது விளங்கியது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கட்டி செய்யும் வேலை

திறந்த சட்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு நெருப்பு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர் ஆவியாகத்தான் போகும். நுவரெலியா போன்ற உயரமான இடத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலை ஊர்களில் பருப்பும் இறைச்சியும் அவிய அதிக நேரம் எடுப்பது இதனால்தான். குக்கரில் ஆவியை வெளியே விடாமல் அடைத்து, உள்ளே அமுக்கத்தைக் கூட்டுகிறோம். வழக்கமான வீட்டுக் குக்கரில் இந்த மேலதிக அமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறைக்குச் சமமாக இருக்கும். அப்போது தண்ணீரின் சூடு 120 பாகை வரை ஏறும். கடினமான இறைச்சியும் அரை மணித்தியாலத்தில் மெதுவாகிவிடும்.

அந்த அமுக்கம் எல்லை தாண்டாமல் காவல் செய்வதே கட்டியின் வேலை. ஆவி துளை வழியே மேலே தள்ளுகிறது. கட்டி தன் நிறையால் கீழே அழுத்துகிறது. ஆவியின் தள்ளுதல் மிஞ்சும்போது கட்டி தூக்கப்பட்டு "உஸ்" என்று ஆவி வெளியேறும். ஆகவே கட்டியின் நிறையும் துளையின் அகலமும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்ட சோடிகள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். துளையின் விட்டம் 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 0.07 சதுர சென்ரிமீற்றர் அளவில் வரும். 1.05 கிலோகிராம் அமுக்கத்தில் ஆவி வெளியேற வேண்டுமானால் கட்டி 74 கிராம் இருக்க வேண்டும். பாஸ் ஒரு மதிப்பில் 100 கிராமுக்குக் கடைந்து தந்திருந்தால், அமுக்கம் 1.41 கிலோகிராம் வரை ஏறிய பிறகுதான் கட்டி அசையும். துளை 3 மில்லிமீற்றர் அல்ல, இரண்டரைதான் என்றால், அதே 74 கிராம் கட்டி 1.51 கிலோகிராம் வரை ஆவியைப் பூட்டி வைக்கும். அரை மில்லிமீற்றர் என்பது நம் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

இது மூடியில் என்ன செய்யும்? 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். சரியான அமுக்கத்தில் அந்த மூடியை உள்ளேயிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 330 கிலோகிராம் நிறைக்குச் சமம். ஆறேழு மூடை அரிசியின் பாரம்! பிழையான கட்டியை வைத்தால் அது 470 கிலோகிராமையும் தாண்டும். அந்தப் பாரத்துக்குப் பக்கத்தில்தான் நாம் இடுப்பில் பிள்ளையுடன் நின்று சமைக்கிறோம், சகோதரிகளே!

ஒரு குக்கருக்குள் எத்தனை தொழில்கள்

1679 ஆம் ஆண்டு தெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இலண்டனில் இத்தகைய பாத்திரத்தை முதன்முதலாக உருவாக்கினார். கடினமான எலும்பையும் மெதுவாக்கிச் சாறெடுப்பது அவர் நோக்கம். பாத்திரம் வெடிக்காமல் இருக்க நிறை தொங்கவிட்ட ஒரு காவல் அடைப்பையும் அவரே அமைத்தார். இன்று உங்கள் மூடியில் இருப்பது அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

கடையில் ஒரே பெட்டியில் வாங்குகிறோம் என்பதற்காக ஒரே இடத்தில் எல்லாம் செய்யப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உற்பத்திக் கொம்பனிகள் பல, தங்கள் பொருளின் ஒவ்வொரு பாகத்துக்கும் வரைபடம் வரைந்து, அளவு குறித்து, அந்தந்த வேலையில் தேர்ந்த வேறு பட்டறைகளுக்கு ஓடர் கொடுத்துச் செய்விக்கின்றன. குக்கரில் அப்படி நான்கு தொழில்களைப் பார்க்கலாம்.

முதலாவது தகட்டு வேலை. வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை உருக்கு அச்சின் மேல் வைத்துப் பெரிய பிரஸ் இயந்திரம் அழுத்துகிறது. ரொட்டி மாவைக் கோப்பைக்குள் அமத்தினால் அது கோப்பையின் உருவத்தை எடுப்பது போல, தகடு பானையாகிறது. ஒட்டு இல்லை, தையல் இல்லை. தகடு ஓரிடத்தில் மெலிந்துவிட்டால் அந்த இடமே பலவீனம். அதனால் தகட்டின் தடிப்பை அளந்து பார்த்தே ஏற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது பிளாஸ்டிக் வேலை. குக்கரின் கறுப்புக் கைப்பிடி பெரும்பாலும் பேக்லைட் வகையைச் சேர்ந்தது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907 இல் இதைக் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெண்ணெயைப் போன்றது; சூட்டில் உருகும், ஆறினால் இறுகும், மறுபடியும் உருக்கலாம். வாளி, பேசின், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இந்தச் சாதி. மற்றது முட்டையைப் போன்றது. ஒரு தடவை சூட்டில் இறுகினால் பிறகு எந்தச் சூட்டிலும் உருகாது. பேக்லைட் இந்தச் சாதி. அதன் தூளைச் சூடான அச்சுக்குள் இட்டு அமுக்கிச் செய்வார்கள். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாகச் சாதாரண பிளாஸ்டிக் பிடியைப் பூட்டக் கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அடுப்புச் சூட்டில் அது இளகி, கொதிக்கும் குக்கரைத் தூக்கும் வேளையில் கைவிட்டுவிடும்.

மூன்றாவது கடைசல் வேலை. கட்டியும் ஆவிக் குழாயும் லேத்தில் பிறந்தவை. லேத்தில் உலோகத் துண்டு சுழலும். வெட்டும் உளி அதன் மேல் மெதுவாக நகரும். தேங்காய் துருவும் இயந்திரத்துக்கு மறுதலையான வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அலகு சுழல்கிறது, தேங்காய் அசையாமல் இருக்கிறது. அலகு சுழன்று உலோகத்தைச் செதுக்கும் இயந்திரமும் பட்டறையில் உண்டு; அதற்கு மில்லிங் மெஷின் என்று பெயர். இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி என்பவர் 1800 ஆம் ஆண்டளவில் திருகாணிப் புரியை ஒரே சீராக வெட்டும் லேத்தைச் செய்து முடித்தார். அதற்குப் பிறகுதான் ஒரு பாகம் பழுதானால் அதே அளவில் இன்னொன்றைச் செய்து பூட்டும் வழி எளிதாகியது. 1952 இல் அமெரிக்காவில் எண்களைக் கொடுத்தால் தானே வெட்டும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். இன்றைய சீ.என்.சீ. இயந்திரங்களின் தொடக்கம் அது.

நான்காவது ரப்பர் வேலை. மூடியைச் சுற்றியுள்ள வளையமும் அச்சில் வார்த்ததே. ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு வளையம். "கிட்டத்தட்டச் சரி" என்ற பேச்சு அங்கே இல்லை.

ஆவியும் நீரும் கசியாத அடைப்பு என்பது நம் முன்னோரும் அறிந்த கலைதான். இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிர் பகுதியில் பணியாற்றிய அல் ஜஸரீ, 1206 இல் முடித்த தம் நூலில், அடைப்பையும் அது உட்காரும் இடத்தையும் குருந்தக் கல் தூளிட்டுத் தேய்த்து, நீர் ஒழுகாதபடி பொருத்தும் முறையை விளக்கியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே, வேலை சரியா என்பதற்கு ஒழுகுகிறதா என்று பார்ப்பதே சோதனை.

ஒன்று செய்தால் ஏன் விலை கூட?

"சின்னத் துண்டுக்கு இவ்வளவு காசா?" என்று பட்டறையில் நாம் முகம் சுளிப்பதுண்டு. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இயந்திரத்தில் உளி பூட்டி, அளவு வைத்து, முதல் துண்டைச் சரிபார்க்க 2 மணித்தியாலம் எடுக்கிறது என்போம். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் 6 நிமிடம். ஒரேயொரு துண்டு செய்தால் 126 நிமிடம். நூறு செய்தால் 720 நிமிடம். அதாவது ஒன்றுக்கு 7 நிமிடம் சொச்சம். அவியும் நேரத்தை விட ஆயத்தம் செய்யும் நேரமே கூட என்பது பிரியாணிச் சட்டி வைத்த எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பிளாஸ்டிக் வேலையில் இது இன்னும் பெரிய வித்தியாசம். நம் வீடுகளில் முன்பு பிரம்பாலான இடியப்பத் தட்டுகள் இருந்தன. இன்று பிளாஸ்டிக் தட்டுகள். இவற்றை வார்க்கத் தடித்த உருக்கில் ஓர் அச்சு வேண்டும். ஒவ்வொரு கண்ணும் அதில் எதிர்மறையாகச் செதுக்கப்பட வேண்டும். அச்சுக்குத்தான் பெருஞ்செலவு. அச்சு முடிந்த பின் தட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆயிரக்கணக்கில் வார்த்தால் மட்டுமே அச்சுக் கூலி திரும்பும். தட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பிளாஸ்டிக் உள்ளே புகுந்த இடத்தில் ஒரு சிறு மொட்டு, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு, தட்டை வெளியே தள்ளிய ஊசிகளின் வட்டத் தடம். அந்தக் கோட்டில் கூரான பிசிறு நின்றால், அச்சு தேய்ந்துவிட்டது அல்லது வேலை கவனமில்லாமல் நடந்திருக்கிறது என்று பொருள்.

வட்டிலப்பம், அச்சாறு, கேக் என்று வீட்டிலிருந்தே செய்து விற்கும் சகோதரிகள் இப்போது பலர். சொந்த அளவில் கப், சொந்த வடிவில் அச்சு என்று ஓடர் கொடுக்கும் நிலைக்கு வருகிறார்கள். தயிர்க் கப் போன்ற மெல்லிய பாத்திரத்துக்கு வேறு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் விரித்து, காற்றை உறிஞ்சி இழுத்து வடிவமைப்பார்கள். இதற்கான அச்சு பெரும்பாலும் மலிவானது. ஓடர் கொடுக்குமுன் இந்த வித்தியாசத்தைக் கேட்டறிந்தால் பெருந்தொகை மிஞ்சும்.

ஓடர் என்பது ஓர் ஒப்பந்தம்

செய்யாத பொருளைச் செய்து தரும்படி பேசும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மார்க்கச் சட்டத்தில் "இஸ்திஸ்னா" என்று பெயர். ஹனபி மத்ஹபில் இது தனி ஒப்பந்தமாக அனுமதிக்கப்பட்டது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இதை "ஸலம்" என்ற முன்பண வியாபாரத்தின் சட்டங்களின் கீழ் வைத்தார்கள். அதில் முழு விலையையும் முதலிலேயே கொடுக்க வேண்டும். 1992 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே என்றும், பணத்தைத் தவணையாகக் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. அதற்கு விதித்த நிபந்தனைகளைக் கவனியுங்கள்: பொருளின் இனம், வகை, அளவு, தேவையான தன்மைகள் யாவும் விவரிக்கப்பட வேண்டும், முடித்துத் தரும் காலமும் குறிக்கப்பட வேண்டும்.

பட்டறையின் பொறியியலாளரும் இதையேதான் கேட்கிறார்! என்ன உலோகம், எத்தனை, என்ன அளவு, எவ்வளவு கூடிக் குறையலாம், எப்போது வேண்டும்? இவற்றைத் தாளில் எழுதுங்கள். முதலில் ஒரு மாதிரியைச் செய்து காட்டச் சொல்லி, அதைப் பூட்டிப் பார்த்த பிறகு மீதியைச் செய்யச் சொல்லுங்கள். அச்சு யாருக்குச் சொந்தம், அது பட்டறையிலேயே இருந்தால் வேறொருவருக்கு அதில் வார்க்கலாமா என்பதையும் முதலிலேயே பேசுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகள் பலவும் "அவருக்குத் தெரியும்தானே" என்று சொல்லாமல் விட்டவற்றிலிருந்தே பிறக்கின்றன.

உலோகம் எது என்பதையும் கேளுங்கள்

மலிவு என்பதற்காக, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய இரும்புக்கடை உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரத்தை வாங்க வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் குடியேறிய ஆப்கான் குடும்பங்களின் பிள்ளைகளுடைய இரத்தத்தில் ஈயம் கூடுதலாகக் காணப்பட்டது. காரணம் தேடியவர்கள், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பாத்திரங்களையும் பிரஷர் குக்கர்களையும் சோதித்தார்கள். அவற்றில் பலவற்றிலிருந்து உணவில் ஈயம் கலக்கக்கூடும் என்பது 2022 இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் நஞ்சு. பார்வைக்கு அந்தப் பாத்திரங்களும் பளபளப்பாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் பிள்ளைக்கு இந்தத் தொழில்?

இன்னொரு விஷயம். சாதாரண தரப் பரீட்சையில் பெறுபேறு குறைந்துவிட்டால், "இனிக் கடைக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிடுகிறோம். "பட்டறை வேலையா? எண்ணெய் அழுக்கு" என்று முகம் திருப்புகிறோம். அன்று பாஸின் கையில் இருந்த நுண்மானித் திருகுகணிச்சி, ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து அளக்கும் கருவி. அதைச் சரியாக வாசிக்கக் கற்றவன் எந்த நாட்டிலும் மதிக்கப்படுகிறான். மொரட்டுவையிலுள்ள இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் முதல் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் வரை, இயந்திரத் தொழில் கற்க அரசாங்க இடங்கள் இருக்கின்றன. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் பெறலாம். வரைபடம் வரைவதும் சீ.என்.சீ. இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுவதும் கணினியின் முன் அமர்ந்து செய்யும் வேலைகள். கணிதம் வரும் பெண் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். என் மகள் அந்தக் கட்டிக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டாள்.

இன்றே பார்க்க வேண்டியவை

ஆவிக் குழாயின் துளையை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பருப்புத் தோலோ சோற்றுப் பருக்கையோ அடைத்திருந்தால் சரியான கட்டியும் பயன் தராது. மூடியிலுள்ள காவல் அடைப்பு, சூடு எல்லை மீறினால் உருகி ஆவியை விடுவதற்காக வைக்கப்பட்டது. அது போய்விட்டால் அந்த இடத்தில் திருகாணி பூட்டி அடைக்கவே கூடாது. வளையம் விறைத்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். கட்டி தொலைந்தால் அதே கொம்பனியின், அதே வகைக் குக்கருக்குரிய கட்டியையே வாங்குங்கள். கட்டியின் மேல் கரண்டியையோ வேறு பாரத்தையோ வைக்க வேண்டாம்.

அன்று எங்கள் வீட்டில் இறைச்சி சட்டியில்தான் அவிந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் அது சற்று விறைப்பாகவே இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நகரத்தில் உதிரிப்பாகக் கடையொன்றில் சரியான கட்டி கிடைத்தது. வரும் வழியில் பட்டறையில் இறங்கி பாஸிடம் அதைக் காட்டினேன். தராசில் வைத்துப் பார்த்தார், துளையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார், "இப்ப சரி மௌலவி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் லேத்தின் பக்கம் திரும்பினார்.

தனக்குத் தெரியாத அளவில் ஒன்றைச் செய்து காசு வாங்க மறுத்த அந்த மனிதரை, என் வகுப்பில் அமானிதம் பற்றிப் பாடம் எடுக்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பாஸ் இருப்பார். அவர் "ஏலாது" என்று சொன்னால் கோபிக்காதீர்கள், சகோதரிகளே. ஏன் என்று கேளுங்கள்.